வாய் எது, வால் எது

வேலந்தாவளம் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவுக்கு ஹுட் தைக்க எங்கே போகணும் என்று கேட்டுப் பாருங்கள். கேரளாக்காரரும் சரி, தமிழ்நாட்டுக்காரரும் சரி, ஒரே திசையில்தான் கை நீட்டுவார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் முருகேஸ்வரி விஷயத்தில் ஒத்துப்போவார்கள். அவள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிழிந்து தொங்கும் ஹுட்டோடு உள்ளே போன ஆட்டோ, புது மாப்பிள்ளையாக வெளியே வரும். அதுவே விளம்பரம் என்று விட்டுவிட்டாள்.

முருகேஸ்வரிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குழந்தையில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. காலுக்குக் கேலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டி, கைத்தடி ஊன்றி நடப்பாள். தன் போக்கில் விட்டால் மாடிப்படிகூட ஏறிவிடுவாள். அவளுக்கு ஆகாதது ஒன்றுதான். யாரும் அவளைத் தூக்கக் கூடாது.

ஆனால் விசேஷ வீட்டுக்குக் கிளம்பும் கூட்டத்துக்குப் பொறுமை ஏது? வேன் படி உயரம். அவள் தடியை ஊன்றி யோசிப்பதற்குள், "நீ சும்மா இரு கண்ணு" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கேஸ் சிலிண்டரை ஏற்றுவதுபோல் ஏற்றி மூலையில் வைத்துவிடுவார்கள். இறக்கும்போதும் அதே மரியாதைதான். பட்டுப்புடவை ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பாசத்தில் செய்கிறார்கள். பாசத்தில் செய்கிறவர்களிடம் கோபப்படுவதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் தம்பி சதீஷுக்குப் பாலக்காட்டில் பெண் அமைந்தது. ஆனி மாதம் முகூர்த்தம். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் சபை நடுவே சேர்ந்து நிற்க, கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்கும். உடன்பிறந்தவளுக்கு ஊரே எழுந்து நின்று செய்கிற மரியாதை அது. அந்தச் சபைக்குத் தன்னைத் தூக்கிக்கொண்டு போய் இறக்குவார்கள் என்று நினைத்தாலே முருகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி கல்யாணத்துக்கு நானே ஓட்டிட்டுத்தான் வருவேன்" என்றாள்.

"எதைங் அம்மிணி ஓட்டுவீங்க?" என்றார் அண்ணன் பொங்கியண்ணன். கேலி பண்ணும்போது மட்டும் தங்கைக்கு மரியாதை கொடுப்பார்.

"நீங்க ஒண்ணு செஞ்சு குடுப்பீங்கல்ல, அதை."

பொங்கியண்ணன் பக்கத்துப் பட்டறையில் வெல்டர். பெயரிலேயே அண்ணன் இருப்பதால் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்றே கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தக் கர்வம் அவருக்கு நிறைய உண்டு. இரும்பு என்றால் எதையும் எதோடும் ஒட்டிவிடுவார், யோசிப்பதற்கு மட்டும் கொஞ்சம் சோம்பல். சித்திரைக்குள் ஒரு மூன்று சக்கரக் காரை நிறுத்திவிட்டார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, பின்சக்கரத்தில் பழைய பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டார். லைசென்ஸோ நம்பர் பிளேட்டோ வேண்டாத அளவுக்குச் சின்ன மோட்டார். சீட்டு முருகேஸ்வரியின் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. கட்டிலில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்தால் முடிந்தது. தொட்டுத் தூக்க ஒரு ஆள் வேண்டாம்.

முதல் நாள் கொழிஞ்சாம்பாறை வரை போய்த் திரும்பி வந்தாள். வந்தவள் கடைக்குள் போகாமல் மறுபடி கொழிஞ்சாம்பாறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு எந்த வேலையும் இல்லை.

வைகாசி பிறந்தது. காற்றும் பிறந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. நூற்றுக்கணக்கான மைல் மலைச்சுவரில் ஒரே ஒரு சந்து. மேற்கே கடலிலிருந்து கிளம்பும் காற்று மொத்தமும் அந்தச் சந்து வழியாகத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். முண்டியடித்துக்கொண்டுதான் வரும். கரும்பனை மட்டைகள் இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்கும். நம் ஆட்களுக்கு நாலு மாசம் தலைவாரத் தேவையில்லை. முருகேஸ்வரி போக வேண்டிய பாலக்காடு, காற்று வருகிற அதே மேற்கில் இருந்தது.

முதலில் பாலக்காட்டு வழியில் இருக்கிற சித்தூர் வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். பாதி வழியிலேயே பேட்டரி செத்துவிட்டது. கடைசியில் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் அந்தக் காரையும், காரோடு அவளையும் சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள்.

தைக்கத் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? மறுநாளே காருக்கு ஒரு நல்ல ஆட்டோ ஹுட் தைத்து மாட்டினாள். காற்றிலிருந்து மறைத்தால் காற்று தொந்தரவு செய்யாது என்பது கணக்கு. ஹுட்டோடு மேற்கே போனால் கார் நகரவே மாட்டேன் என்றது. திரும்பிக் கிழக்கே விட்டால், காற்று ஹுட்டுக்குள் புகுந்துகொண்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே அவளை வேலந்தாவளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பிரேக்கைப் பிடித்தபடி, வாய் கொள்ளாத சிரிப்போடு வந்து இறங்கினாள். கல்யாணம் மட்டும் கோயமுத்தூரில் என்றால் பேட்டரியே வேண்டியதில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பித்துப் பிடித்தது. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் காற்றின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் நறுக்காமல் ஃபேனுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பிடித்தாள். வயலில் வாத்து மேய்ந்தால் வண்டியை நிறுத்தி அதன் பின்பக்கத்தை ஆராய்ந்தாள். கடைக்கு வந்த ஆட்டோக்காரர் ஒருவரின் மூக்கை வெகுநேரம் பார்த்ததில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் பார்த்து முடித்து ஒரு முடிவுக்கு வந்தாள். முன்னால் கூர்மையாக இருக்க வேண்டும். தினமும் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள் வேறு என்ன முடிவுக்கு வருவாள்?

கடைத் தரையைக் கழுவிவிட்டு, சாக்பீஸால் முழு அளவில் வரைந்தாள். ஹுட் தைக்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம், தாளில் வரைந்தால் கைக்கு அளவு வராது. மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு படம். ஒரு பக்கம் நீண்டு கூராகப் போகும். மறுபக்கம் உட்கார்ந்த ஆளின் முதுகுக்கு இடம் விட்டு உருண்டையாக முடியும். ஓரங்களில் வழக்கமான சுருக்கெழுத்து: இடதுக்கு "இ", வலதுக்கு "வ". கூர் முனையில் "வா". அவள் கடை பாஷையில் ஹுட்டின் முன்பக்கத்துக்கு வாய் என்று பெயர். கிழிந்த ஹுட்டுகளில் எத்தனையோ வருஷமாக அந்த "வா"வைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாளும் ஒரு தப்பு நேர்ந்ததில்லை, ஏனென்றால் ஒருநாளும் அதைப் பொங்கியண்ணன் படித்ததில்லை.

முருகேஸ்வரி கூறைப்புடவை எடுக்கக் குடும்பத்தோடு போன அன்று, பொங்கியண்ணன் படத்தைப் பார்த்துப் பைப்பை வளைத்து, எலும்புக்கூடு கட்டி, காரின் மேல் நிறுத்தி, கெட்டியாக வெல்டிங் வைத்துவிட்டார். திரும்பி வந்தவள் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உருண்டைப் பக்கம் முன்னால் இருந்தது. கூர் முனை பின்சக்கரத்துக்கு மேலே நீண்டு கிடந்தது.

"ஏனுங்ண்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"அது முன்னால வரணுமுங்ண்ணா. வா-ன்னு எழுதியிருந்தேன்ல?"

"எழுதியிருந்துது. அதான் பின்னால வெச்சேன். வா-ன்னா வாலுதானே?"

"வாயிங்ண்ணா. வாய்."

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "எந்த ஊர்ல அம்மிணி வாய் அத்தனை கூரா இருக்கும்? உங்க வாயைத் தவிர."

அடித்துப் பிரிக்கலாம் என்றால், அத்தனை வெல்டிங்கையும் அறுத்து மறுபடி ஒட்டினால் பைப்பு தாங்காது. கல்யாணமோ கூப்பிடு தூரத்தில். அன்று ராத்திரி முருகேஸ்வரி அழுதாள் என்று சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையில் எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, எருமைத் தலைமாதிரி இருந்த அந்த முகத்துக்கு எப்படித் தோல் தைப்பது என்று டேப்பை எடுத்தாள்.

உருண்டை முகத்துக்குத் தைப்பது லேசில்லை. ரெக்சினைத் துண்டு துண்டாக வெட்டி, ஆரஞ்சுச் சுளைபோல் சேர்த்து, சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்தாள். பார்வைக்கு ஆட்டோ மழைத்திரையின் கண்ணாடிப் பிளாஸ்டிக், அதன் ஓரத்தில் மூச்சுக்குக் கை நுழைகிற ஒரு ஓட்டை. ஏறி இறங்க இடது பக்கம் ஜிப் வைத்த திரை. வால் பக்கம் போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு குஞ்சம் கட்டலாமா என்று தோன்றுகிற அளவுக்கு வந்து நின்றது. சிவப்பு ரெக்சின் மட்டும்தான் போதுமான அளவு இருந்தது, எனவே கார் நெற்றியிலிருந்து வால்வரை குங்குமச் சிவப்பு.

வெளியே எடுத்த நாள் பார்த்து மாட்டுச் சந்தை. ஒரு தரகர் காரைச் சுற்றிவந்து, முகத்தைத் தடவி, குனிந்து கீழே பார்த்து, மாட்டுக்கு வயசு விசாரிப்பதுபோல், "எத்தனை பல்லுங்?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. முருகேஸ்வரியும் சிரித்துவிட்டாள், ஆனால் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஓடிப் பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்திவிடலாம் என்றுதான் மேற்கே திருப்பினாள்.

கார் போனது.

கொழிஞ்சாம்பாறை தாண்டிப் போனது. முன்பு பேட்டரி செத்த இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அதையும் தாண்டிப் போனது. டீக்கடைக்காரர் இவள் நிற்பாள் என்று எழுந்து நின்றவர், நின்றபடியே திரும்பி, போகிற வாலைப் பார்த்தார். முருகேஸ்வரிக்குச் சந்தேகம் வந்தது. காற்று குறைந்துவிட்டதோ என்று ஜன்னல் ஓட்டை வழியே கையை நீட்டினாள். மணிக்கட்டை முறுக்கிவிடும்போல் அடித்தது. காற்றெல்லாம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அவளோடு சண்டைக்கு வரவில்லை.

ஏன் என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. கடையில் கிடந்த நூல் துணுக்குகளைக் கார் மேலெல்லாம் பசை வைத்து ஒட்டினாள். பொங்கியண்ணன் மொபெட்டில் பக்கத்திலேயே வந்து, நூல் என்ன செய்கிறது என்று கத்திச் சொல்ல வேண்டும்.

"மூஞ்சில படிஞ்சு கெடக்குது அம்மிணி."

"முதுகுல?"

"அங்கயும் படிஞ்சு கெடக்குது."

"வாலுல?"

"எண்ணெய் வெச்சு வாரியுட்ட மாதர கெடக்குது."

அப்போதுதான் முருகேஸ்வரிக்கு உறைத்தது. இத்தனை வருஷமாகக் கிழிசல் தைக்கிறாளே, ஒரு ஹுட்டாவது முன்னால் கிழிந்து வந்திருக்கிறதா? எல்லாம் பின்பக்கம்தான். பின்திரை அடித்து அடித்து, தையல் விட்டு, நாராகி வரும். காற்று முன்னால் வந்து இடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பின்னால் நின்று பிடித்து இழுக்கிறது. முகம் எப்படி இருந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறது; பின்னால் அதை வழுக்கிக்கொண்டு போக விட்டால் போதும், இழுக்கப் பிடி கிடைக்காது. அண்ணன் தப்பாகப் படித்த ஒரு எழுத்தில் அவள் பிழைத்திருக்கிறாள். இதை அவரிடம் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அன்று மாலையே சொல்லிவிட்டாள். அவரும் அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடிப்பக்கத்து நூல்கள் மட்டும் பேயாட்டம் ஆடின. காற்று கீழே நுழைந்து குடைகிறது. வயிற்றை மூட வேண்டும். ரெக்சின் தீர்ந்துவிட்டது. தேதியைத் தப்பாக அடித்துக்கொடுத்த கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்று வீட்டில் சுருட்டிக் கிடந்தது. அதை வெட்டி அடியில் இழுத்துக் கட்டினாள். கோட்டும் கூலிங்கிளாஸுமாகச் சதீஷின் முகம் தார்ச்சாலையைப் பார்த்தபடி இருந்தது.

கிளம்ப நல்ல நேரம் பார்த்தவர் காற்றைப் பார்க்கவில்லை. உச்சிவெயிலில், காற்று பனையைப் பிடுங்குகிற நேரத்தில், தேங்காய் உடைத்தார்கள். சுவக்கீன் என்கிற பையன் ஓட்டுகிற வேனில் உறவுக்கூட்டம் ஏறியது. வேன் கதவில் அவளுக்காக இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கையை நீட்டியபடி நின்றார்கள். முருகேஸ்வரி காரில் உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அக்கா, நான் பொறத்தாலயே வர்றேன். கையக் காட்டுனா நிறுத்தீருவேன்" என்றான் சுவக்கீன்.

"முன்னால போயிருங்க தம்பி."

"அண்ணன் உட மாட்டேங்கறாருங்க."

சித்தூர் வரை ஊர்வலம்தான். எதிரே வந்த பஸ்ஸில் மறுபக்கத்து ஆட்கள் மொத்தமும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "தக்காளி, தக்காளி" என்று ஓடிவந்தார்கள். முக்கில் நின்ற போலீஸ்காரர் கையை உயர்த்தி, "இதெந்தா சாதனம்?" என்று மலையாளத்தில் கேட்டார், இது என்ன பொருள் என்று. "காறாணு சாரே" என்றாள். அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து அடியில் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல், வந்துகொண்டிருந்த லாரியை நிறுத்தி, இவளை முதலில் போகச் சொன்னார்.

ஆற்றுப் பாலத்தில்தான் ஆபத்து காத்திருந்தது. மரம் மறைப்பு எதுவும் இல்லாமல் காற்று நேராக வந்து முகத்தில் மோதியது. பேட்டரியில் இரண்டு கோடு இருந்தது ஒன்றாயிற்று. ஒன்று மினுக்க ஆரம்பித்தது. ஒரு லாரி கடந்துபோனதில் கார் ஒருமுறை முதுகைச் சிலுப்பிக்கொண்டது. வேன் பக்கத்தில் வந்தது. பொங்கியண்ணன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டபடி, "அம்மிணி, போதுஞ்சாமி, ஏறிக்கலாமா?" என்றார். கேலி இல்லை. அவர் கண்ணில் பயம் இருந்தது.

இணைச்சீர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலத்தில் நின்றால் அந்த நான்கு கைகளும் வரும். பட்டுப்புடவை கசங்க, சபை வாசலில் போய் இறங்குவாள். முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். ஜன்னல் ஓட்டையைக் கைக்குட்டையால் அடைத்தாள். ஜிப்பின் கடைசிப் பல்வரை இழுத்து மூடினாள். ஒரு நூல்கூட ஆடக் கூடாது. ஆக்ஸிலேட்டரைச் சற்றே விட்டு, நடக்கிற வேகத்துக்குச் சிறிது மேலே வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பின்னால் வந்த வாகனங்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. மினுக்கிய கோடு அணையவில்லை. பாலம் முடிந்தது, மரங்கள் வந்தன, காற்று கொஞ்சம் அடங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரெக்சின் முட்டைக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் கேட்காமல், வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர்கள் வேறு யாருக்கோ காத்திருந்தவர்கள், சிவப்பாக ஏதோ வருகிறதே என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். முருகேஸ்வரி ஜிப்பைத் திறந்து, காலை எடுத்து வெளியே வைத்து, தடியை ஊன்றி எழுந்தாள். புடவையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, தன் போக்கில் படியேறினாள். நேரம் ஆயிற்று. யாரும் கிட்டே வரவில்லை. வரலாமா என்று யோசித்த ஒரு சித்தப்பாவைச் சதீஷ் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

இணைச்சீரில் கூறைப்புடவையின் முனையை அவள் பிடித்த பிடியில், மறுமுனையில் நின்ற தம்பி, "மெதுவா அக்கா, என்னையும் இழுத்துட்டுப் போயிராதே" என்றான்.

அப்புறம் விருந்து. நம் கல்யாணங்களில், வந்த உறவுக்காரப் பெண்ணைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "யாருகூட வந்தே கண்ணு?" இவ்வளவு காலமும் மாமாகூட, சித்திகூட, அண்ணன்கூட என்று சொல்லி வந்தவள், அன்று பந்தி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, கேட்பவர்களுக்கு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"யாருகூட வந்தே கண்ணு?"

"நானேதானுங் வந்தேன்."

காது மந்தமான அத்தை ஒருத்திக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவையும் சலிக்காமல் சொன்னாள். நாலாவதாகவும் சொல்லியிருப்பாள், ஆனால் அதற்குள் கை கழுவிவிட்டு வந்த பொங்கியண்ணனை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, நீ யாருகூட வந்தே?"

பொங்கியண்ணன் துண்டால் வாயைத் துடைத்தார். வழி நெடுக வேன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்ததில் தலைமுடி இன்னும் கிழக்குப் பார்த்து நின்றது.

"தங்கச்சிகூட வந்தேனுங் அத்தை" என்றார்.